மங்கும் மொந்தையும்

1941ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டு நின்றது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் திரண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் ஒரு கோரிக்கைப் பட்டியல் இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் சம்பளம் தங்களுக்கும் வேண்டும். அடித்து வேலை வாங்கும் கிராணிகளை மாற்ற வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், நோய் வந்தால் மருத்துவம் வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

மதுக்கடையை மூடச் சொல்லிக் கேட்டவர்கள் அந்தக் கடையின் வாடிக்கையாளர்களே. தமிழர்களின் மலேசிய வரலாற்றில் இதைவிடத் தெளிவான சுயமரியாதைக் குரல் அதிகம் இல்லை. காலை பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு ரப்பர்க் காட்டுக்குப் போனவர், அந்தி சாயும்போது கள்ளுக்கடை வாசலில் நின்றார். உழைத்த கூலியில் ஒரு பங்கு, உழைத்த தோட்டத்தின் எல்லையைத் தாண்டாமலேயே திரும்பிப் போனது. அந்தக் கணக்கைத் தொழிலாளர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பரும் மதுவும் சேர்ந்தே வளர்ந்தவை. பொருளாதாரத்தில் மட்டும் அல்ல, வேதியியலிலும் அப்படித்தான். ஆல்கஹால் ஒரு படி ஏறினால் ஆல்டிஹைடு, இன்னொரு படி ஏறினால் அமிலம். இந்த மூன்று படிகளும் கள்ளுப் பானைக்குள் இருந்தன, குடித்தவரின் கல்லீரலுக்குள் இருந்தன. மேல் இரண்டு படிகள் ரப்பர் ஸ்டோரிலும் இருந்தன.

முதலில் பானை. சிலாங்கூரின் கடலோரம் தென்னைக்கு ஏற்ற மண். தென்னம்பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும் நீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு வரை சர்க்கரை இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது இனிப்பாகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் மரத்தின் மேலேயே வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரையை உடைத்து முதலில் அசிட்டால்டிஹைடு ஆக்கும், பிறகு அதை எத்தனால் ஆக்கும். காலையில் இறக்கிய கள், மாலைக்குள் 5 முதல் 8 சதவீத எத்தனாலோடு நிற்கும். மறுநாளும் விட்டுவைத்தால் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதே எத்தனாலைத் திரும்பவும் அசிட்டால்டிஹைடு வழியாக அசிட்டிக் அமிலம் ஆக்கும். அதுதான் கிராமத்து வீடுகளில் ஊறுகாய்க்குப் போன தென்னங்காடி. ஆகக் கள் என்பது நிலையான ஒரு பொருள் அல்ல. சர்க்கரைக்கும் காடிக்கும் நடுவே ஒரு பகல் பொழுது மட்டும் தங்கிச் செல்லும் பானம். அன்றாடம் இறக்கி அன்றே விற்றாக வேண்டிய கட்டாயம் அதனால்தான். தோட்டத்துக்குள்ளேயே கடை வைக்க அது வசதியான காரணமாகவும் ஆயிற்று.

குடித்தவரின் உடலில் நடப்பது ஈஸ்ட் செய்ததன் தலைகீழ். கல்லீரலில் இருக்கும் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற என்சைம் எத்தனாலை மீண்டும் அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது. இரண்டாவது என்சைம், ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ், அதை அசிட்டிக் அமிலமாக்கி உடல் எரித்துக்கொள்ளும் எரிபொருளாக மாற்றுகிறது. நடுவில் நிற்கும் அசிட்டால்டிஹைடுதான் பொல்லாதது. முகச் சிவப்பு, படபடப்பு, குமட்டல், நாள்பட்ட குடியில் கல்லீரல் சேதம், புற்றுநோய் என எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. கிழக்காசிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த இரண்டாவது என்சைம் பிறவியிலேயே மந்தமாக இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கோப்பையிலேயே முகம் சிவந்து உடல் போதும் என்று சொல்லிவிடும். தமிழர்களிடம் இந்த மரபணு மாற்றம் அரிது. மலாயாத் தோட்டத்துத் தமிழருக்கு அந்த இயற்கைத் தடை இல்லை.

இனி ஸ்டோர், பாலைத் தாளாக்கும் கூடம். மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து வாளிகளில் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றுவார்கள். ரப்பர் பாலில் மிதக்கும் நுண்துகள்கள் ஒவ்வொன்றையும் ஒரு புரதப் போர்வை மூடியிருக்கிறது. அதன் மின்சுமை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. சிறிது அமிலம் சேர்த்தால் அந்தச் சுமை தணிந்து பால் தயிர் போல உறையும். மறுநாள் அதை உருளையில் அழுத்தித் தாளாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். ஆரம்ப காலத்தில் உறைய வைக்கப் பயன்பட்டது பெரும்பாலும் அசிட்டிக் அமிலம், அதாவது காடியின் சாரம். பின்னர் அதன் இடத்தை ஃபார்மிக் அமிலம் பிடித்தது. 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் எறும்புகளை வடித்துப் பிரித்த அதே அமிலம். மழைக்காலத்தில், பால் ஸ்டோருக்கு வந்து சேர்வதற்கு முன்பே வழியில் உறைந்துவிடாமல் இருக்க அமோனியாவோ சோடியம் சல்ஃபைட்டோ ஃபார்மலினோ சில துளி சேர்ப்பதும் உண்டு. ஃபார்மலின் என்பது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு. எத்தனாலின் தம்பி மெத்தனால். அதற்கு ஒரு படி மேலே ஃபார்மால்டிஹைடு, இன்னொரு படி மேலே ஃபார்மிக் அமிலம். மேல் இரண்டு படிகளும் ஸ்டோரில் ஜாடிகளில் இருந்தன, கீழ்ப்படி மட்டும் அங்கே இல்லை. அது எப்படி வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

அசிட்டோன் என்ற கீட்டோன் இந்தக் கதைக்குள் வந்தது போரின் வழியாக. முதல் உலகப் போரில் பிரிட்டனின் பீரங்கிகளுக்கு வேண்டிய கார்டைட் வெடிமருந்தைத் தயாரிக்க அசிட்டோன் தேவைப்பட்டது. அசிட்டோன் அப்போது கால்சியம் அசிட்டேட்டைச் சூடாக்கி எடுக்கப்பட்டது, அந்த அசிட்டேட்டின் மூலமும் மரத்தைச் சூடாக்கி வடித்த அதே அசிட்டிக் அமிலமே. வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் கிள்ளானை அடுத்த காப்பார் தோட்டத்து உறைத்தொட்டிக்கும் ஒரே சரக்கு. போர் யாருக்கு முதலிடம் கொடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டங்கள் மாற்றுத் தேட வேண்டி வந்தது. கோலாலம்பூரில் விவசாயத் துறையில் வேதியியலாளராக இருந்த பி. ஜே. ஈட்டன் போன்றவர்கள் பாலை உறைய வைக்கும் வேறு வழிகளை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்தில் சைம் வைஸ்மன் மாவுச்சத்தை ஒருவகைப் பாக்டீரியாவால் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் முறையைத் தொழிலளவுக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர் அவர்தான். 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபோது, எந்த அமிலத்தை எவ்வளவு நீரில் கலந்து ஊற்றுவது என்பதெல்லாம் விஞ்ஞானிகளின் மேசையில் கிராம் கணக்கில் அளக்கப்பட்டது. பாலைக் கொண்டுவந்தவரின் உடலில் அந்தியில் என்ன நடக்கிறது என்பதற்கு அந்த அளவு அக்கறை கிடைக்கவில்லை.

தோட்ட நிர்வாகத்திடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. புதுக் கள்ளில் ஈஸ்ட் இருக்கிறது, ஈஸ்டில் பி வைட்டமின்கள் இருக்கின்றன, அளவோடு குடித்தால் அது சத்துணவு என்றார்கள். கடையை மூடினால் தொழிலாளர்கள் அதைவிடக் கேடான, சம்சு என்ற சாராயத்தைத் தேடிப் போவார்கள் என்றும் சொன்னார்கள். இந்த வாதத்தின் வேதியியல் பொய் இல்லை. வடிக்காத கள்ளில் பி வைட்டமின்கள் உண்டு, 5 சதவீதக் கள்ளைவிட நாற்பது சதவீதச் சாராயம் ஆபத்தானதுதான். ஆனால் வைட்டமின் குறைந்ததற்குக் காரணம் தீட்டிய அரிசியும் போதாத கூலியும். அதற்கான மருந்தை மாலையில் மொந்தையில் காசுக்கு விற்பதை அக்கறை என்று சொல்ல முடியாது. கள்ளுக்கடை வருமானம் தொழிலாளர் நலனுக்கே திரும்ப வரும் என்ற ஏற்பாடும் இருந்தது. அதாவது குடித்தவரின் காசிலேயே குடித்தவருக்கு நலத்திட்டம்.

1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து மறு மாதம் வரை சுற்றுப்பயணம் செய்த பெரியாரின் பேச்சுகள் இங்கே ஒரு தலைமுறையை உசுப்பின. 1932இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் குடிக்கு எதிராகத் தொடர்ந்து பேசின. கோலாலம்பூரில் 1924 முதல் வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் துணையாசிரியரான ஆர். எச். நாதன்தான் கிள்ளான் போராட்டத்தின் முன்னணித் தலைவர். மே 5ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். கைது செய்தி பரவியதும் வேலைநிறுத்தமும் பரவியது. ராணுவம் வந்தது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஏழே மாதத்தில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள், கள்ளுக்கடைக் கோரிக்கையும் போர்ப் புழுதியில் மறைந்தது.

மறைந்தது சில ஆண்டுகள்தான். 1946, 47இல் வடக்கே கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பீடோங்கில் அது காவல்துறையோடு மோதலாகி உயிர்ப்பலியில் முடிந்தது. கடையை மூடச் சொன்னவர்கள் மீது தடி பாய்ந்தது, கடைக்கு அரசாங்கம் காவல் நின்றது. இந்த ஒரு காட்சியே அன்றைய ஆட்சியின் முன்னுரிமையைச் சொல்லிவிடும்.

இதே ஆண்டுகளில், ரப்பரையும் மதுவையும் முடிச்சுப் போடும் விசித்திரமான கண்டுபிடிப்பு ஒன்று தோட்டங்களுக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் நடந்தது. ரப்பரை வல்கனைஸ் செய்யும்போது வினையை வேகப்படுத்தத் தையுரம் வகைச் சேர்மங்கள் சேர்க்கப்படும். அமெரிக்காவில் அத்தகைய சேர்மங்களைக் கையாண்ட தொழிற்சாலை ஒன்றின் மருத்துவர் ஈ. ஈ. வில்லியம்ஸ் ஒன்றைக் கவனித்து 1937இல் எழுதினார். அந்தத் தூளோடு வேலை செய்தவர்கள் மாலையில் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தாங்க முடியாமல் போனார்கள். இதனால் பலர் குடியையே விட்டுவிட்டார்கள். பத்து ஆண்டு கழித்து டென்மார்க்கில் யென்ஸ் ஹால்டும் எரிக் யாக்கப்சனும், ஒரு வயிற்றுப் பூச்சி மருந்தாகத் தாங்களே விழுங்கிச் சோதித்த டைசல்ஃபிராம் இதே வேலையைச் செய்வதைக் கண்டார்கள். கல்லீரலின் இரண்டாவது என்சைமை அது முடக்குகிறது, அசிட்டால்டிஹைடு தேங்குகிறது. கிழக்காசியர் பலருக்குப் பிறவியில் இருக்கும் தடை மருந்து வடிவில் வந்துவிட்டது. அன்டாப்யூஸ் என்ற பெயரில் இன்றும் குடிநோய்ச் சிகிச்சையில் கொடுக்கப்படுவது அதுதான், ரப்பர் ஆலையின் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோட்டத்துப் பால் உலகமெங்கும் போய் டயராகி, அதன் வழியில் குடியை நிறுத்தும் மருந்தையும் பெற்றுத் தந்தது. அந்தப் பாலை வெட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்த மாத்திரை எட்டியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி சீபீல்ட் தோட்டம், புத்ராஜெயா நிற்பது பிராங் புசார் தோட்டத்து மண். லயத்து வீடுகளை விட்டு வெளியேறியவர்கள் நகரின் ஓரங்களில் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் பின்னர் அடுக்குமாடிகளிலும் ஒதுங்கினார்கள். தென்னையோடு கள்ளும் அருகியது. நிர்வாகம் எச்சரித்த சம்சுதான் மிச்சம். மலிவு விலையில், சிறு பாட்டிலில், மூலிகை மருந்து போன்ற லேபிளோடு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்திருக்கிறது. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் தவறு செய்யவில்லை. கடையை மட்டும் மூடி, கூலியையும் வீட்டையும் பள்ளியையும் அப்படியே விட்டது பின்னால் வந்தவர்களின் தவறு. 1941 பட்டியலில் கள்ளுக்கடை தனியாக எழுதப்படவில்லை, சம்பளத்தோடும் பள்ளியோடும் சேர்த்தே எழுதப்பட்டது.

2018 செப்டம்பரில் சிலாங்கூர் மருத்துவமனைகளுக்கு ஆட்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணில் மூடுபனி. சில வாரங்களுக்குள் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அண்டை மாநிலத்திலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் நேபாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருந்தார்கள், மலேசியர்களும் இருந்தார்கள். பேர்போன முத்திரைகளைப் போலியாக ஒட்டிய மலிவு மதுவில் மெத்தனால் இருந்தது. ஒருகாலத்தில் தமிழர் நின்ற இடத்தில், நாட்டின் அடிமட்டக் கூலிவேலையில், இப்போது நிற்பவர்கள் இவர்கள். விஷமும் அவர்களைத் தேடி வந்தது.

மெத்தனால் தானாக அவ்வளவு கொடியது அல்ல. உடலே அதைக் கொடியதாக்குகிறது. எத்தனாலைக் கையாளும் அதே முதல் என்சைம் மெத்தனாலையும் எடுத்துக்கொண்டு ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது, பிறகு அது ஃபார்மிக் அமிலம் ஆகிறது. ரப்பர்ப் பாலை உறைய வைத்த அதே அமிலம் இப்போது ரத்தத்தில். செல்களின் மூச்சை அது அடைக்கிறது. அதிக ஆக்சிஜன் தேவைப்படும் கண் நரம்பு முதலில் வாடுகிறது. 10 மில்லி தூய மெத்தனால் பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரைப் பறிக்கலாம். குடித்த உடனே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் அறிகுறி வரும். அதற்குள் அதே பாட்டிலிலிருந்து அறைத்தோழர்களும் குடித்திருப்பார்கள்.

காய்ச்சத் தெரியாமல் காய்ச்சியதால் விஷமாகிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்படுகிறது. கள்ளையோ அரிசிச் சோற்றையோ புளிக்கவைத்துக் காய்ச்சினால் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. பழத்தோலின் பெக்டினிலிருந்து வருவதும் சொற்பமே. இப்படிக் கூட்டமாக ஆட்களைக் கொல்லும் மெத்தனால் தொழிற்சாலைப் பீப்பாயிலிருந்து வருவது, தெரிந்தே கலக்கப்படுவது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் அப்படி வந்த மெத்தனால்தான். இறந்தவர்களின் பழக்கத்தைக் குறை சொல்வது எளிது. பீப்பாய் எந்தக் கிடங்கிலிருந்து எந்த லாரியில் ஏறியது என்று கேட்பதே நியாயமான கேள்வி.

மெத்தனாலுக்கு மலேசியாவில் பஞ்சமில்லை. லாபுவான் தீவில் பெட்ரோனாஸ் ஆலைகள் இயற்கை எரிவாயுவிலிருந்து அதை லட்சக்கணக்கான டன் தயாரிக்கின்றன. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு, ஃபார்மால்டிஹைடிலிருந்து பசை, பசையால் ஒட்டிய மரப்பலகை என்று அதற்கு நேர்மையான பயன்கள் ஏராளம். பால் வற்றி வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்களே இன்று இந்நாட்டு மரச்சாமான் தொழிலின் பெரும் மூலப்பொருள். குடிக்கும் எத்தனாலுக்குக் கலால் வரி கனமாக இருக்கிறது, குடிக்கக்கூடாத மெத்தனாலுக்கு அந்த வரி இல்லை. இந்த விலை இடைவெளியில்தான் போலிச் சரக்குக்காரர் பிழைக்கிறார்.

மெத்தனால் விஷத்துக்கு முறிவு உண்டு, அதுவும் வேதியியல் தந்ததுதான். முதல் என்சைமுக்கு மெத்தனாலைவிட எத்தனால் மீதுதான் நாட்டம் அதிகம். அளந்து எத்தனால் கொடுத்தால் அது அதிலேயே மும்முரமாகிவிடும், மெத்தனால் ஃபார்மிக் அமிலம் ஆகாமல் அப்படியே கிடக்கும். அதற்குள் டயாலிசிஸ் செய்து அதை ரத்தத்திலிருந்து எடுத்துவிடலாம். ஃபோமெபிசோல் என்ற மருந்து என்சைமை நேராகவே தடுக்கும், ஆனால் விலை அதிகம். 2019 தொடக்கத்தில் வியட்நாமின் குவாங் திரி மாநில மருத்துவமனை, மெத்தனால் குடித்த ஒருவருக்குப் பதினைந்து கேன் பியரைச் செலுத்திக் காப்பாற்றியது உலகச் செய்தியானது. வேடிக்கைச் செய்தி போல் பரவினாலும் அதன் பின்னால் இருந்தது பழைய, சோதித்த மருத்துவ அறிவு. எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. பார்வை மங்குவதற்கு முன்பே வந்தவருக்கு வாய்ப்பு அதிகம்.

மலேசியாவில் விற்கும் ஒவ்வொரு மதுப் பாட்டிலிலும், மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும் என்ற எச்சரிக்கை மலாய் மொழியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். போலிப் பாட்டிலிலும் அந்த வரியை அச்சடித்துவிடலாம். சிலாங்கூரின் மேருவிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் தொழிலாளர் விடுதிகளின் சுவரில் நேபாளி, வங்காளி, பர்மிய, தமிழ் மொழிகளில் வேறு சில வரிகள் வேண்டும்: விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதே, குடித்த மறுநாள் கண் மங்கினால் தூங்கப் போகாதே, உடனே மருத்துவமனைக்குப் போ, உன்னோடு குடித்தவரையும் அழைத்துக்கொண்டு போ.